ஞானப்பழமும் தீபாவளிப் பரிசும்

நவராத்திரி விழாவில் அன்னை கலைவாணியின் திருமுன் அடுக்கிவைத்துப் பூசிக்கப்பெற்ற ஏடுகளும் எழுதுகோல்களும் பிள்ளைகளின் கைக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆவதற்குள் தீபத் திருநாள் வந்துவிடுகிறது. இந்த இடைப்பட்ட நாட்களில்தான் மலேசியத் திருநாட்டின் ஆலயங்கள் பலவற்றில் மாணவர்களுக்குப் பரிசளிப்பு விழா நடைபெறுகிறது. உபயகாரர்கள் மனமுவந்து வழங்குகிறார்கள். இல்லங்களிலோ மாமன்மாரும் அத்தைமாரும் புத்தாடையோடு ஏதேனும் ஒரு விளையாட்டுப் பொருளையும் வாங்கிவந்து கொடுக்கிறார்கள். அதிலும், படிப்பில் சுடர்விடும் பிள்ளை ஒன்று குடும்பத்தில் இருந்துவிட்டால் பரிசுகள் அப்பிள்ளையின் மடியில்தான் குவிகின்றன. கொடைக்குக் குறைவில்லை. ஆனால், கொடுக்கப்படும் பொருள் அந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா, அதனால் தீங்கு ஏதும் நேராதா என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

பரிசு பற்றிய வழக்கு ஒன்று கயிலாயத்திலேயே நடந்திருக்கிறது. நாரதர் கொணர்ந்த கனி ஒன்றுதான், பிள்ளைகளோ இருவர். உலகை முதலில் வலம்வந்தவருக்கே பழம் என்றதும் இளையவர் மயிலேறிப் பறந்தார். மூத்தவர் அம்மையப்பரை வலம்வந்து பழத்தைப் பெற்றுக்கொண்டார். அவருடைய நுண்ணறிவை வியந்து பேசாத சொற்பொழிவாளர் இல்லை. ஆனால் உலகையே சுற்றித் திரும்பிய இளைய பிள்ளை ஆண்டியாகி மலையேறி நின்ற பகுதியைப் பெற்றோர் சற்று நிதானித்துக் கேட்க வேண்டும். அறிவாளிப் பிள்ளைக்குத் தகுந்த பரிசு கிடைத்தது. உடன்பிறந்தவரின் உள்ளமோ நொந்தது. அம்மையப்பருக்கே அவரைச் சமாதானப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை என்றால், மற்றவர் எம்மாத்திரம்?

சரி, அறிவிற் சிறந்த பிள்ளை என்று யாரைச் சொல்வது? முன்பெல்லாம் இதற்கு எளிய விடை இருந்தது. 1988-ஆம் ஆண்டு தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றவர்களின் பட்டியலைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினால் போதும். ஆலய நிர்வாகத்தின் வேலை முடிந்தது. 2019-ஆம் ஆண்டோடு அத்தேர்வு நின்று, 2021-இல் முறையாக நீக்கப்பட்டது. பட்டியல் போனதும் பல நிர்வாகங்கள் கைபிசைந்து நின்றதை மறைப்பதற்கில்லை. அண்டை நாடான சிங்கப்பூரில் 1984 முதல் நடைபெற்று வந்த மீத்திறன் கல்வித் திட்டமும் பழைய வடிவில் தொடராது என்று 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஒரு சில பள்ளிகளில் மட்டும் திரட்டிப் பயிற்றுவிக்காமல், அந்தந்தத் தொடக்கப்பள்ளியிலேயே மீத்திறப் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பது அங்கு எடுக்கப்பட்ட முடிவு. ஒரே நாளில் எழுதும் ஒரு தேர்வைக் கொண்டு பிள்ளையின் அறிவை அளந்துவிட முடியாது என்பதை இரு நாடுகளும் தத்தம் வழியில் ஒப்புக்கொண்டிருக்கின்றன என்றே கொள்ளலாம்.

உண்மையில் ஆலயத் திருமண்டபமே நல்ல தேர்வுக்கூடம். கண் உள்ளவர் காணலாம். வெள்ளிக்கிழமை பூசையில் எல்லாப் பிள்ளைகளும் சுண்டலுக்கு வரிசையில் நிற்க, ஒரு சிறுமி மட்டும் வாசலிலே குனிந்து கோலத்தின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். இடைப்புள்ளிக் கோலத்துக்கும் நேர்ப்புள்ளிக் கோலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்து வந்து சொல்வாள். ஒரு சிறுவன் நாகசுரக்காரரின் அருகே சென்று, எந்தத் துளையை அடைத்தால் எந்த ஒலி வரும் என்று விடாமல் கேட்டு அவருடைய பொறுமையைச் சோதிப்பான். ஒரு முறை கேட்ட பதிகத்தை மறுவாரம் பிழையின்றி ஓதும் குழந்தையும் உண்டு. இவர்களுள் சிலர் பள்ளித் தேர்வில் முதலாவதாக வராதவர்கள். இவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. கேள்வி கேட்டதற்காக அதட்டு வாங்குவதும் பெரும்பாலும் இவர்கள்தாம்.

இத்தகைய பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கப்படுகிறது? அகராதி கொடுக்கப்படுகிறது. மும்மொழி அகராதி நல்ல நூல்தான், அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் பள்ளி ஒன்று கொடுக்க, ஆலயம் ஒன்று கொடுக்க, இயக்கம் ஒன்று கொடுக்க, ஒரே மாணவியின் வீட்டில் ஒரே அகராதி மூன்று படிகள் நெகிழித்தாள் பிரிக்கப்படாமல் கிடப்பதை யார் வேண்டுமானாலும் காணலாம். கேடயங்களின் கதையும் அதுவே. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் பிள்ளை இடம்பெறுவதில்லை.

கணித மேதை சீனிவாச இராமானுசனை எண்ணிப் பார்க்கலாம். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவருக்கு, 1903-ஆம் ஆண்டு வாக்கில் நண்பர் ஒருவரின் வழியாக நூலகத்துப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதத் தொகுப்பு அது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிறுவல் இல்லை. அந்தக் குறைதான் இராமானுசனுக்கு வரமாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். காகிதம் விலை மிகுந்ததாக இருந்தமையால் கற்பலகையில் எழுதி எழுதி அழித்தார். நாமகிரித் தாயாரிடம் அவருக்கிருந்த பக்தியை அன்பர்கள் அறிவர். அவரும் பிற பாடங்களில் தோற்றுக் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. எந்தப் பரிசளிப்பு விழாப் பட்டியலிலும் அவ்வாண்டு அவர் இடம்பெற்றிருக்க மாட்டார். அவரைத் திருப்பிவிட்டது விலையுயர்ந்த பொருளன்று, இரவல் நூல்.

ஐன்ஸ்டைனுக்கு நான்கைந்து வயதில், நோயுற்றுப் படுத்திருந்தபோது, தந்தையார் ஒரு திசைகாட்டியைக் காட்டினார். எப்படித் திருப்பினாலும் முள் ஒரே திசையை நோக்கி நின்றதைக் கண்டு வியந்ததை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. சில ரிங்கிட்டில் இன்றும் திசைகாட்டி கிடைக்கிறது. கட்டமிட்ட வெற்றுத்தாள் ஏடு, கோலப்புள்ளிக்கு ஆகட்டும் வரைபடத்துக்கு ஆகட்டும், அதனினும் மலிவு. சதுரங்கப் பலகையும் அவ்வாறே. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதளவில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அன்னையார். பலகை வாங்கிக் கொடுப்பது பாதிதான். எதிரே அமர்ந்து ஆடுவதுதான் மீதிப் பரிசு.

இனி, பேசியே தீரவேண்டிய பாதுகாப்புக்கு வருவோம். அறிவிற் சிறந்த பிள்ளைகளின் வீடுகளில்தான் இதில் தவறு மிகுதியாக நேர வாய்ப்புண்டு என்றால் சிலர் வியக்கலாம். பொருளின் பெட்டியில் 'மூன்று வயதிற்கு உட்பட்டோருக்கு ஏற்றதன்று' என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்த மாமனார், "நம்ம பேத்தி மூணு வயசிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளே, அவளுக்கென்ன?" என்று பெருமையோடு வாங்கிவிடுகிறார். அந்த எச்சரிக்கை பிள்ளையின் அறிவைக் குறித்ததன்று. தொண்டையின் அளவைக் குறித்தது. எட்டு வயதுப் பிள்ளையைப் போலப் படிக்கும் குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையைப் போலவே கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். அறிவு முன்னே ஓடலாம்; உடலும் உள்ளமும் அகவைக்கேற்பத்தான் நடக்கும். அப்பேத்தி உண்மையிலேயே எச்சரிக்கையானவளாக இருந்தாலும், தரையில் தவழும் தம்பிக்கு அந்த எச்சரிக்கை தெரியாது.

எல்லாவற்றிலும் கொடியது பொத்தான் மின்கலம். இசைபாடும் வாழ்த்து அட்டை, ஒளிரும் பம்பரம், சிறு கணிப்பான் ஆகியவற்றுக்குள் அது இருக்கிறது. இப்போது தீபாவளிக்கென்று இல்லங்களில் வரிசையாக வைக்கப்படும் எல்.இ.டி. அகல் விளக்குகள் பலவற்றின் அடியிலும் இருக்கிறது. எண்ணெய் வேண்டாம், தீ விபத்து இல்லை என்று நம்பித்தான் அவ்விளக்குகளை வாங்குகிறார்கள். அடிமூடி நகத்தால் நெம்பினாலே கழன்று வருமாயின் அதுவும் ஆபத்துதான். 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வில்லை ஒன்று குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் உண்டாகி, காரத்தன்மை பெருகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே தசையைக் கடுமையாக எரித்துவிடும். உயிரிழந்த குழந்தைகளும் உலகில் உண்டு. விழுங்கியதை யாரும் காணாவிட்டால் இருமல், எச்சில் வடிதல், உணவை மறுத்தல் ஆகியவைதாம் வெளியே தெரியும். சளி என்று எண்ணிவிடுவார்கள். ஐயம் எழுந்த உடனேயே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கவும் கூடாது. மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

கணிதத் திறனுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது என்று விற்கப்படும் சிறு காந்தக் குண்டுகளும் அப்படியே. ஒன்றை விழுங்கினால் வெளியேறிவிடலாம். இரண்டு உள்ளே போனால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பற்றி, நடுவில் அகப்பட்ட குடலைத் துளைத்துவிடும். நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் வயிற்றுக்குள்ளும் ஊறிப் பெருக்கும். லேசர் விளக்கு கண்ணைக் கெடுக்கும். வேதியியல் பரிசோதனைப் பெட்டி பத்து வயதுக்கு மேல் என்றால், மேற்பார்வையிட ஒரு பெரியவரும் அதனோடு சேர்த்தே பரிசாகக் கிடைத்தாக வேண்டும். பட்டாசைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கம்பி மத்தாப்பின் நுனியே ஆயிரம் பாகை செல்சியசை எட்டிவிடும். அதிலும், எதையும் பிரித்துப் பார்க்கும் இயல்புடைய கூர்த்த மதிப் பிள்ளைக்கு, பல வெடிகளின் மருந்தைக் கொட்டி ஒன்றாக்கிப் பார்க்கும் எண்ணம் வராமல் இராது. மற்றப் பிள்ளைகள் வெடித்துவிட்டுப் போவார்கள். இவன்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான்.

இந்நாட்டில் 2009-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் விளையாட்டுப் பொருள்களுக்கெனத் தரநிலைகளை விதித்தன; அத்தரநிலைகளுக்கு இணங்கியதைக் காட்ட 'எம்.சி.' முத்திரையும் உண்டு. அம்முத்திரையைத் தேடி வாங்குவது நல்லது. இரவுச் சந்தையில் குவித்துவைத்து விற்கும் பெயரில்லாப் பொருளில் அதைத் தேடிப் பயனில்லை. ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது என்று நூறு பிள்ளைகளுக்கு அதை வாங்கி மேடையில் கொடுக்கும் நிர்வாகம், ஆபத்தையும் நூறாகப் பிரித்துக் கொடுக்கிறது.

கைத்தொலைபேசி, தட்டைக் கணினி ஆகியவற்றைப் பரிசாக வழங்கும் புரவலர்களின் நல்லெண்ணம் போற்றத்தக்கது. இருப்பினும் பெற்றோரிடம் முன்கூட்டியே கேளாமல் மேடையில் ஒலிபெருக்கியில் அறிவித்துக் கொடுப்பது முறையன்று. அப்பொருளை வீட்டில் எப்போது, எவ்வளவு நேரம் அனுமதிப்பது என்பது பெற்றோரின் உரிமை. ஊரறியக் கொடுத்ததை எந்தத் தாயால் வாங்கி வைத்துக்கொள்ள முடியும்?

விடுமுறையில் ஒரு நாளைப் பரிசாகக் கொடுப்பதும் உண்டு. கோலாலம்பூரில் பெட்ரோசைன்சுக்கோ, தென்பகுதியில் இருப்பவர்கள் எல்லை கடந்து சிங்கப்பூர் அறிவியல் நிலையத்துக்கோ அழைத்துச் செல்லலாம். ஒரு பேருந்துக்கு ஆகும் செலவு அன்னதான உபயம் ஒன்றைவிட மிகுந்துவிடாது. அந்தப் பேருந்தில் முதல் மாணவனும் ஏறலாம். கடைசி வரிசை மாணவனும் ஏறலாம்.

ஆலய நிர்வாகங்கள் இவ்வாண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரிசளிப்புக்கு இரு வாரம் முன்னரே, பெறப்போகும் பிள்ளையின் வகுப்பாசிரியரிடமோ தாயாரிடமோ மூன்று கேள்விகளைக் கேட்டறியலாம்: பிள்ளை தானாக விரும்பிச் செய்வது என்ன? வீட்டில் எது ஏற்கெனவே இருக்கிறது? வீட்டில் தவழும் குழந்தை உண்டா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால், அந்தக் குழந்தையின் பெயரையும் வயதையும் குறித்துக்கொள்ளலாம். துணிப்பந்து ஒன்று வாங்கி வைத்திருந்து, அக்காள் மேடையிலிருந்து இறங்கி வரும்போது அதனை அவள் கையிலேயே கொடுத்தனுப்பலாம்.