வேலை செய்யிற கொம்பியூட்டரை நிறுத்து விக்காதேங்கோ

"வேலை செய்யிற நிலையில் பழைய கொம்பியூட்டர் விற்பனைக்கு" என்று ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கோ. முதலில் வாறது சிரிப்பு இமோஜி. அடுத்தது, "அண்ணை, அதில பப்ஜி ஓடுமோ?" அதுக்குப் பிறகு யாராவது உண்மையாகவே விலை கேட்பினம். அதுவும் கிலோ எவ்வளவு எண்டு.

எங்கட வட்டத்தில் இருக்கிற அண்ணை ஒருவர் இந்த வருசம் நாட்டை விட்டுப் போறார். கனகாலமாகச் சேர்த்த எட்டுக் கொம்பியூட்டர்கள் அவரிட்ட இருக்குது. ஒரு 486, இரண்டு பென்டியம், விண்டோஸ் 98 ஓடுற மூன்று மெசின், ஒரு பழைய மக்கின்டோஷ், கனடாவில இருந்து ஆரோ கொண்டுவந்து பிறகு வேண்டாமெண்டு விட்ட ஒரு கொமடோர் 64. எல்லாம் இப்பவும் வேலை செய்யுது. வீடு வாடகைக்குப் போகப்போகுது, வைக்க இடமில்லை. விக்கிறதோ, சும்மா குடுக்கிறதோ, பூட்டி வைக்கிறதோ எண்டு ஒரு மாதமாக நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கிறம்.

விக்கவேணும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. ஒவ்வொன்றாக, ஆள் பார்த்து, வேலை செய்யிற நிலையிலேயே விக்கவேணும்.

பாடசாலைக்குக் குடுத்தால் பிள்ளைகள் பார்ப்பினமே என்ற வாதம் கேட்க நல்லாத்தான் இருக்குது. பொறுப்பாக இருந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்த அடுத்த கிழமை அந்த மெசின் களஞ்சிய அறையில் உடைந்த கதிரைகளுக்குக் கீழே கிடக்கும். சும்மா வந்த சாமானுக்கு ஒருவரும் பொறுப்பில்லை. காசு குடுத்து வாங்கினவர் வீட்டை கொண்டுபோய் அன்றைக்கே போட்டுப் பார்ப்பார், பிழைத்தால் திருத்துவார். "மியூசியம் வைப்பம்" என்கிறவர்களிடம் எங்களுக்கு ஒரேயொரு கேள்விதான்: கரண்ட் பில்லை ஆர் கட்டுறது?

பூட்டி வைக்கிறதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. பழைய கொம்பியூட்டர் சும்மா இருந்தாலும் பழுதாகும். 386, 486 காலத்து மதர்போர்ட்டுகள் கனக்கவற்றில், திகதியையும் நேரத்தையும் ஞாபகம் வைக்கிறதுக்கு ஒரு சின்ன நிக்கல் கட்மியம் பற்றரியை ஒட்டியே வைத்திருப்பினம். அது காலப்போக்கில் கசியும். கசிந்த திரவம் செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டு போகும். மெசினைப் போட்டாலும் போடாட்டிலும் இது நடக்கும். 2000 களின் தொடக்கத்தில் வந்த போர்ட்டுகளில் கப்பாசிற்றர்கள் வீங்கி வெடிக்கிறது பேர்போன வருத்தம். போதாக்குறைக்கு எங்கட வெக்கையும் ஈரமும். பல்லி முட்டை போடாத கேசிங் யாழ்ப்பாணத்தில் இருக்குதோ தெரியாது.

சரி, என்ன விலை? இங்கதான் ஆக்கள் இரண்டு பக்கமும் அளவுக்கு மிஞ்சிப் போகினம். 1976 இல் வந்த அப்பிள் 1 ஒன்று 2014 இல் ஏலத்தில் 905,000 டொலருக்குப் போனது உண்மை. வாங்கினது அமெரிக்காவின் ஹென்றி போர்ட் அருங்காட்சியகம். அந்த வகை மொத்தமே கிட்டத்தட்ட 200 தான் செய்தவை. அதை யூடியூப்பில் பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் செய்து குவித்த பென்டியம் மெசினுக்கு "அன்ரிக்" எண்டு விலை போடுறது பகிடி. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்பலாம் எண்டால், மொனிட்டரின் பாரத்துக்கே கப்பல் கூலி விலையைத் தாண்டிவிடும்.

மற்றப் பக்கம் பழைய இரும்புக் கணக்கு. எட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போக ஒருவர் வந்தவர்தான். அவரில் பிழை சொல்ல ஏலாது, அது அவரின்ர தொழில். ஆனால் தராசில் ஏறின மெசினுக்கு என்ன நடக்கும்? செம்புக்காக வயரை எரிப்பினம். போர்ட்டைப் பிய்த்து வேறயாக விப்பினம். பழைய பெட்டி மொனிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்குது, அது உடைந்து ஏதோ ஒரு வெறுங்காணியில் கிடக்கும். உண்மையிலேயே செத்துப்போன மெசினை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிட்டக் குடுக்கலாம். வேலை செய்யிறதை ஏன் குடுக்கிறது?

அதிலும் விண்டோஸ் 98 மெசின்களில் ஒன்று இருக்குது, எங்கட வாக்குவாதம் முழுக்க அதில்தான். மூடுபட்ட ஒரு அச்சகத்தில் இருந்து அண்ணை வாங்கினது. உள்ளே பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, நூற்றுக்கணக்கான கோப்புகள். கல்வெட்டுகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்கள்.

பாமினியைத் தெரியாத இளசுகளுக்காக ஒரு விளக்கம். யூனிகோட்டில் தமிழ் 1991 இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் மைக்ரோசொப்ட்டின் இயங்குதளத்தில் யூனிகோட் தமிழ் விண்டோஸ் 2000 ஓடதான் வந்தது. அதுக்கு முதலும், பிறகு கனகாலமும் இலங்கையில் தமிழ் அடித்தது பாமினி போன்ற எழுத்துருக்களில். அவற்றில் கொம்பியூட்டருக்குத் தெரிவது ஆங்கில எழுத்துத்தான், திரையில் வாற உருவம் மட்டும் தமிழ். எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தால் அம்மம்மாவின் கல்வெட்டு ஒரு பக்கம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பொங்குதமிழ் மாதிரியான எழுத்துருமாற்றியில் போட்டால் எழுத்து திரும்பி வரும். பேஜ்மேக்கர் கோப்பு அப்பிடி இல்லை. அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் அதைத் திறந்தது, பிறகு வந்தவை திறக்கிறதில்லை. அந்த மெசினை நிறுத்து விற்றால், தராசில் ஏறுறது ஒரு ஊரின் செத்தவீட்டுக் கணக்கும் கலியாணக் கணக்கும்.

அச்சான மலர்களை நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்குது. அது பெரிய வேலை. ஆனால் தாளின் படத்துக்குள் ஒரு பேரைத் தேடுறது கஷ்டம். அடித்த கோப்பு இருந்தால் ஒரு நொடியில் தேடலாம்.

அப்ப அப்பிடியே ஹாட் டிஸ்க்கோட வித்துவிடலாமோ? இதில் நாங்கள் இரண்டாகப் பிரிந்து நின்டம். அதே டிஸ்க்கில் அகதி விண்ணப்பக் கடிதங்கள் இருக்குது. காணாமல்போன பிள்ளையைத் தேடி எழுதின கடிதம் இருக்குது. கடவுச்சீட்டு ஸ்கான்கள் இருக்குது. அந்த நாளில் இப்படியான கடைகளில்தான் சனம் தங்கட மிக அந்தரங்கமான கடிதங்களை அடிப்பித்தது. வாங்கிறவர் நல்லவராக இருந்தாலும் அது அவர் வாசிக்கவேண்டிய கடிதமில்லை. முதலில் டிஸ்க்கின் முழுப் பிரதி ஒன்று எடுக்கவேணும். ஊருக்கு எண்டு அச்சடித்து விநியோகித்தவை வேற, ஒருவர் இன்னொருவருக்கு எழுதினவை வேற. முன்னையதைப் பாதுகாக்கலாம். பின்னையதை உரியவர் இருந்தால் குடுக்கலாம், இல்லாட்டில் அழிக்கவேணும். பிறகு பழைய டிஸ்க்கைத் துடைத்து, இயங்குதளத்தையும் எழுத்துருக்களையும் திரும்பப் போட்டு விக்கலாம். சும்மா "டிலீற்" அடிக்கிறது துடைக்கிறதில்லை. அழித்த கோப்பை மீட்கிறது இப்ப பத்தாம் வகுப்புப் பெடியனுக்கும் தெரியும். இது ஒரு கிழமை வேலை. ஆனாலும் செய்யத்தான் வேணும்.

இன்னொன்று, வாங்கிறவருக்கு ஒளிக்காமல் சொல்லவேணும். கனடாவில இருந்து வந்த சாமான் 120 வோல்டுக்குச் செய்தது. அப்பிடியே எங்கட 230 வோல்டில் சொருகினால் அடுத்த வீட்டுக்காரரும் வந்து எட்டிப் பார்ப்பினம். சில பவர் சப்ளைகளில் பின்பக்கம் 115/230 எண்டு ஒரு சிவப்பு ஆளி இருக்கும், அதைப் பார்க்கவேணும். கொமடோர் 64 இன் பழைய பவர் சப்ளை பழுதானால் கூடுதல் வோல்டை விட்டு உள்ளுக்குள் இருக்கிற சிப்புகளையும் கொல்லும். வட அமெரிக்க கொமடோர் வேற, எங்கட பால் முறை ரிவியில் ஒழுங்காகப் படம் காட்டாது. இதையெல்லாம் விளம்பரத்தில் எழுதினால் விலை குறையும் எண்டு அண்ணை முணுமுணுத்தார். குறையட்டும். போட்டு ஓடவிட்டு ஒரு வீடியோ எடுத்து, சத்தத்தோட, விளம்பரத்தில் இணைத்தால் போன விலையில் பாதி திரும்பி வரும்.

இப்போதைக்கு எட்டில் மூன்று போயிட்டுது. 486 ஐ வாங்கினவர், ஒரு பழைய தொழிற்சாலை மெசினை ஓட்டுற டொஸ் புரோகிராமுக்காக அதைத்தான் தேடித் திரிந்தவராம். பென்டியம் ஒன்று, சின்ன வயதில் விளையாடின கேம்களைத் திரும்ப விளையாட எண்டு வாங்கின ஒரு வங்கி உத்தியோகத்தரிட்ட. மக்கின்டோஷ் ஒரு வடிவமைப்பாளரிட்ட. அச்சகத்து மெசினுக்கு இன்னும் ஆள் வரேல்ல. பேஜ்மேக்கர் சீடியும், தமிழ் ஸ்ரிக்கர் ஒட்டின கீபோர்ட்டும் சேர்த்துத்தான் குடுப்பம். மொனிட்டரைத் தூக்க இரண்டு பேர் வரவேணும்.