டீச்சருக்கு லீவுதானே, பின்னித் தாங்க

ஊர்ச் சகோதர சகோதரிகளே, பதிவு கொஞ்சம் நீளம். இப்தாருக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்பு பாதி தாண்டியதும் எங்கட போனுக்கு வரும் கதை ஒன்றுதான். "டீச்சர், நோன்புக்கு ஸ்கூல் லீவுதானே, பெருநாளைக்கு முந்தி ஒரு பேபி போர்வை பின்னித் தர ஏலுமா?" முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை என்பது உண்மை. அந்த விடுமுறையில் சஹருக்கு முதலில் எழும்புவது யார், கஞ்சிக்கு அரிசி கழுவுவது யார், பிள்ளைகளின் பெருநாள் உடுப்புக்குத் தையல்காரர் வீட்டுக்கு நாலு தரம் நடப்பது யார் என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டிலும் அதைச் செய்ய ஒரு உம்மாவோ ராத்தாவோ இருக்கிறார்.

நாங்கள் ஏழு பேர். மூன்று பேர் படிப்பிக்கிறோம், மற்ற நால்வரும் "வீட்டில் சும்மா இருப்பவர்கள்". (அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரை ஒரு நாள் எங்கட குசினியில் நிற்க வைக்க ஆசை.) குரோஷே பின்னுகிறோம். கலாசாலை விடுதியில் பொழுதுபோக்காகப் பிடித்த ஊசி, இப்போது சிலருக்கு வீட்டுச் செலவுக்கும் கை கொடுக்கிறது. ஆளுக்கு ஒரு போர்வை என்று ஆறுதலாகப் பின்னியது ஒரு காலம். இப்போது ஒருத்தரின் மடியில் ஒன்று, பையில் ஒன்று, அலுமாரியில் பாதியில் நிற்பது இரண்டு.

ஒரு போர்வையின் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறோம். 5 அங்குலக் கட்டங்களாகப் பின்னி இணைக்கும் குழந்தைப் போர்வைக்கு, அகலத்துக்கு 6, நீளத்துக்கு 7 என்று 42 கட்டம் வேண்டும். கை பழகியவருக்கே ஒரு கட்டம் 25 நிமிடம். அதுவே பதினேழரை மணித்தியாலம். கட்டத்துக்கு 3 நிறம் என்றால், ஒவ்வொரு நிறமும் தொடங்குமிடத்தில் ஒரு நுனி, முடியுமிடத்தில் ஒரு நுனி, ஆக 6. 42 கட்டத்துக்கு 252 நுனி. இவ்வளவையும் ஒவ்வொன்றாக ஊசியில் கோர்த்து உள்ளே செருகி மறைக்க வேண்டும். சரியாக மறைக்காவிட்டால் நாலு தரம் கழுவியதும் போர்வை அவிழத் தொடங்கும். எங்களில் ஒருவருக்கும் பிடிக்காத வேலை இதுதான், இதற்கே நாலு மணித்தியாலம் போகும். இணைப்பதும் கரை கட்டுவதும் இன்னொரு ஆறு. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 28 மணித்தியாலம்.

நூல்காசு போக 2800 ரூபா மிஞ்சினால் மணித்தியாலத்துக்கு 100 ரூபா. பேக்கரியில் ஒரு ரோல்ஸோடு சரி. அதற்கும் "கடையில இதவிட மலிவா இருக்கே" என்கிறார்கள். கடையில் மலிவாக இருப்பது மெஷின் போர்வை. அதை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, நாங்களும் வாங்குகிறோம். ஆனால் குரோஷே பின்னலை அப்படியே போடும் மெஷின் இன்னும் வரவில்லை. எங்காவது குரோஷே சாமான் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால், எங்கோ ஒரு பெண்ணின் கூலிதான் அங்கே குறைந்திருக்கிறது. வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்டுப் பழகிய ஊர் இது. மேசனுக்கும் தச்சனுக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம். ஊசி பிடிக்கிற கை என்றதும் "பெருநாள் கழியட்டும் பாப்போம்" ஆகிவிடுகிறது.

பெருநாளைக்கு முந்தி என்பதும் லேசான தவணை இல்லை. பிறை 29இல் தெரியுமா, 30 ஆகுமா என்று கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து செய்தி வரும்வரை எங்களுக்கும் தெரியாது. அந்த இரவில் வட்டிலப்பம் அவிப்பதா, கரை கட்டுவதா?

இனி விஷயத்துக்கு வருகிறோம். பெருநாள் ஒன்றுகூடலை நடத்தும் சகோதரர்கள் போன கிழமை வந்தார்கள். அதிதிகளுக்கு இம்முறை பொன்னாடைக்குப் பதிலாக ஊர்ச் சகோதரிகளின் கைவேலைப் போர்வையாம். நல்ல யோசனை, சந்தோஷம். எத்தனை என்று கேட்டோம். 15. எத்தனை நாளில்? 12. நூல்காசு? "இது நன்மைதானே டீச்சர்."

15 போர்வைக்கு 420 மணித்தியாலம். ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 60, நாளைக்கு 5 மணித்தியாலம், அதுவும் நோன்பின் கடைசிப் பத்தில். நன்மையைத் தேடி மற்றவர்கள் இபாதத்தில் நிற்கும் இரவுகளில், மேடையில் அரை நிமிடம் தோளில் கிடந்து வாகனத்தின் பின்சீற்றுக்குப் போகும் ஒன்றுக்காக நாங்கள் நூல் செருகிக்கொண்டிருக்க வேண்டுமா? அதிதிகள்மீது எங்களுக்கு மனஸ்தாபம் இல்லை. அவர்களுக்கு இது எத்தனையாவது போர்வை என்பதுதான் கேள்வி.

5 பின்னித் தருகிறோம் என்றோம். ஆளுக்கு 20 மணித்தியாலம், தராவீஹுக்குப் பிறகு நாளைக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குள் அடங்கும். நூல் எங்கள் செலவு, அதில் பிரச்சினை இல்லை. யாருக்கு என்பதை மட்டும் நாங்கள் சொல்வோம் என்றோம். எங்கட ஊரில் பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டிக் கபனிடும் தாய்மார் ஐந்து பேர் இருக்கிறார்கள். நடுச்சாமம் கதவைத் தட்டினாலும், கொரோனாக் காலத்தில் ஊரே தள்ளி நின்ற நாட்களிலும், ஒரு சதம் வாங்காமல் வந்தவர்கள். எங்கள் உம்மாமாரை, மாமிமாரைக் கடைசியாகத் தொட்ட கைகள் அவை. எந்த மேடையிலும் அவர்கள் பெயரை நாங்கள் கேட்டதில்லை. மூன்று பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்த மலைக்குளிரில் சுபஹுக்கு எழும்பும்போது தோளில் போட அவர்களுக்கு ஒன்று வேண்டும்.

"பொம்பளயள மேடைக்கு எடுக்கிறது சரிவராதே" என்று ஒரு சகோதரர் இழுத்தார். மேடை கட்டாயமில்லை. பெண்கள் பக்கத்தில் முன்வரிசைக் கதிரை ஐந்து போட்டு, ஒலிபெருக்கியில் அவர்கள் செய்ததைச் சொன்னால் போதும். மூத்த ஆசிரியை ஒருவர் போர்த்திவிடுவார். கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை. முடியாது என்றால் பெருநாளன்று அசருக்குப் பிறகு வீடு வீடாக நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம், அது முடிவான விஷயம்.

மற்ற ஓடர்களுக்கு: இனி நோன்பு பிடிக்க இரண்டு மாதத்துக்கு முன் சொல்லுங்கள், பாதிக் காசு முற்பணம். உறவினர் என்றால் விலை குறையாது, பிஸ்கட்டும் பிளேன்டீயும் கூடும்.

புறக்கோட்டையிலிருந்து நூல் நேற்று வந்துவிட்டது. ஐந்து போர்வைக்கும் சேர்த்து செருக இருக்கும் நுனி 1260. குரோஷே தெரியாதவர்களும் அரை மணித்தியாலத்தில் பழகலாம். சனி, ஞாயிறு லுஹருக்குப் பிறகு வழமையான வீட்டில் இருப்போம், பெரிய கண் உள்ள ஊசி இருந்தால் கொண்டு வாருங்கள். அந்த இரண்டு நாளும் கஞ்சிப் பானையை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள், கேட்டுவிட்டோம்.