பாதிச் செய்தி பகை வளர்க்கும்

பீன்யா தொழிற்சாலை வாசலானாலும் சிவாஜிநகர் டீக்கடையானாலும், பெங்களூரில் இன்று பத்திரிகைக்கு முன்பே செல்போனில் செய்தி வந்துவிடுகிறது. தமிழ் இணையதளம் ஒன்று சொல்கிறது. கன்னட இணையதளம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் படிப்பவர் குழம்புகிறார். ஒன்றை மட்டும் படிப்பவர் கொதிக்கிறார்.

காவிரிச் செய்தியே இதற்குச் சாட்சி. நடுவர் மன்றம் 2007-ல் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிடச் சொன்னது 192 டி.எம்.சி. தண்ணீர். 16-2-2018 அன்று சுப்ரீம் கோர்ட்டு அதை 177.25 ஆகக் குறைத்தது. அங்கே அது இழப்பு. இங்கே அது வெற்றி. ஆனால் 14.75 டி.எம்.சி. ஏன் குறைந்தது? தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கிட்டு 10 டி.எம்.சி.; பெங்களூரின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. அந்தக் குடிநீரில் இங்குள்ள தமிழ்த் தொழிலாளியின் குடமும் நிறைகிறது. தலைப்போடு நின்றவருக்கு இது தெரியாது.

அணைக் கணக்கும் அப்படித்தான். ஒரு தளம் மேட்டூர் மட்டத்தை மட்டும் போடும். இன்னொன்று கிருஷ்ணராஜ சாகரை மட்டும் போடும். அடியை மட்டும் பார்த்தாலும் ஏமாற்றம்தான். மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கிருஷ்ணராஜ சாகர் 124.80 அடி, கொள்ளளவோ 49.45 டி.எம்.சி.தான். அடியில் அதிகம், தண்ணீரில் ஏறக்குறைய பாதி!

பொய்யை எழுதினால் ஒருநாள் அகப்பட்டுக்கொள்ளும். எழுதாமல் விட்டது அகப்படுவதில்லை. ஆகவே படிப்பவர்தான் கேட்க வேண்டும்: தேதி இருக்கிறதா? காரணம் இருக்கிறதா? மாண்டியா விவசாயியும் தஞ்சை விவசாயியும் ஒரே செய்தியில் பேசுகிறார்களா? நம்மவர் அடிபட்டால் நாலு பத்தி, அடுத்தவர் அடிபட்டால் நாலு வரி என்று இருக்கிறதா?

12-9-2016 அன்று பெங்களூரில் தமிழர் நிறுவனத்தின் பஸ்கள் எரிக்கப்பட்டன. அதே நாளில் சென்னையில் கர்நாடகத்தவரின் ஓட்டல் தாக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் செய்தி. ஒன்றை மட்டும் சுற்றுக்கு விட்டால் தீக்குச்சி.

கன்னடம் படிக்கத் தெரிந்த தமிழர்கள் இந்நகரில் ஏராளம். வேலை இடைவேளையில் அவர்கள் இருதரப்புச் செய்தியையும் படித்து, தெரியாத தோழருக்குச் சொல்லலாம். கைக்கு வந்ததை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஐந்து நிமிடம் பொறுக்கலாம். கலவரம் வந்தால் முதலில் நிற்பது பஸ். அடுத்து நிற்பது தினக்கூலிக்காரரின் அடுப்பு.