தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்கிறார்கள். நாற்காலியில் யார் இருக்கிறார்கள்?

2025 டிசம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ‘உமீத்’ இணையதளத்தில் பதிவேற்றத் தரப்பட்ட ஆறு மாத அவகாசம் முடிய அப்போது சில நாட்களே இருந்தன. அவகாசத்தை நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்டுப் போனவர்களிடம், அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, வக்ஃப் தீர்ப்பாயத்தை அணுகுங்கள் என்று சொல்லி நீதிமன்றம் மனுக்களை முடித்து வைத்தது.

சட்டப்படி இதில் குறை சொல்ல முடியாது. திருத்தப்பட்ட வக்ஃப் சட்டத்தின் 3பி பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முத்தவல்லி தீர்ப்பாயத்தில் மனு செய்து போதிய காரணம் காட்டினால், மேலும் ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் சின்ன ஊர் ஒன்றில் ஒரு பள்ளிவாசலையும் நாலு கடைகளையும் ஒரு கபர்ஸ்தானையும் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லியின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வக்கீல் வைக்க வேண்டும், பத்திரங்களைத் தேடி எடுக்க வேண்டும், வெளியூர் போய் மனு போட வேண்டும். அங்கே தலைவர் பதவி நிரப்பப்படாமல் கிடந்தால் மனு எண்ணிடப்பட்டு அலமாரிக்குப் போகும். கெடு தேதி மட்டும் யாருக்காகவும் நிற்காது.

அதற்கு முன்பு, 2025 செப்டம்பர் 15 அன்று வந்த இடைக்கால உத்தரவையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவர்தான் வக்ஃப் செய்யலாம் என்ற நிபந்தனையை நிறுத்தி வைத்தது என்று நம்மில் பலர் மகிழ்ந்தோம். அதே உத்தரவில் இன்னொரு முக்கியமான பாதுகாப்பும் இருந்தது. ஒரு வக்ஃப் இடம் அரசு நிலமா இல்லையா என்ற பிரச்சினை எழுந்தால், தீர்ப்பாயம் விசாரித்து முடிவு சொல்லும் வரை, அதன்மேல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்கும் உட்பட்டு, வக்ஃபை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது. வருவாய்ப் பதிவேட்டையும் மாற்றக் கூடாது. அதே காலத்தில் மூன்றாம் நபருக்கு அந்த இடத்தில் உரிமை உண்டாக்கவும் கூடாது. ஆக, அவகாசம் வேண்டுமென்றாலும் தீர்ப்பாயம், நிலம் நிலைக்க வேண்டுமென்றாலும் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. 85ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்திருக்கிறது. இவ்வளவு பாரத்தையும் மூன்று பேர் மீது வைத்திருக்கும்போது, அந்த மூன்று பேர் யார் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

திருத்தச் சட்டப்படி தலைவராக இருப்பவர் மாவட்ட நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர். இரண்டாமவர் மாநில அரசின் இணைச் செயலாளர் அந்தஸ்தில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற அதிகாரி. மூன்றாமவர் முஸ்லிம் சட்டமும் ஃபிக்ஹும் அறிந்தவர். மசோதா முதலில் வந்தபோது இந்த மூன்றாவது நாற்காலியே இல்லை. நாடாளுமன்றக் கூட்டுக் குழுவில்தான் அது திரும்ப வந்தது. திருத்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகளுக்கு எதிராக நாம் எழுப்பிய குரலில் இந்தச் சிறிய மாற்றம் பேசப்படாமலே போய்விட்டது.

‘அறிந்தவர்’ என்றால் யார்? எத்தனை ஆண்டு அனுபவம், எந்தப் படிப்பு என்று சட்டம் வரையறுக்கவில்லை. தமிழ்நாட்டு வக்ஃப் வழக்கில் ஃபிக்ஹு தெரிந்தால் மட்டும் போதாது. ஆற்காடு நவாப் காலத்து மானியங்கள் பாரசீகத்தில் இருக்கும். பழைய பத்திரம் சில இடங்களில் அரபுத் தமிழில் இருக்கும். 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு யார் பெயரில் ரயத்துவாரி பட்டா போனது என்று பார்க்கத் தெரிய வேண்டும். செட்டில்மென்ட் பதிவேட்டுக்கும் இன்றைய கம்ப்யூட்டர் பட்டாவுக்கும் நடுவில் சர்வே எண் எத்தனை முறை உடைந்தது என்று பொறுமையாகப் பின்தொடர வேண்டும். ஒரு சர்வே எண் உட்பிரிவு தவறிப்போனதால் கபர்ஸ்தானின் பாதி ‘புறம்போக்கு’ ஆகிவிடலாம். இதை எல்லாம் படித்துச் சொல்லக்கூடிய ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் இந்தப் பக்கம் நிற்பவர் வாதத்துக்குப் பொருள் இருக்கும்.

இரண்டாவது நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கே ‘இது அரசு நிலம்’ என்று அரசு சொல்வதால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுவதும் அரசுத் துறையில் இருந்தவர் அதை விசாரிக்கும் மூவரில் ஒருவர். நேர்மையான அதிகாரிகள் ஏராளம் உண்டு. வருவாய் ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். அதனால் அதிகாரியே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரை நியமிப்பதும் அரசு, வழக்கில் எதிர்த் தரப்பும் அரசு என்பது சங்கடமான நிலைதான்.

இந்தச் சங்கடம் வக்ஃபுக்கு மட்டும் உரியது அல்ல. 1976இல் 42ஆவது அரசியல் சாசனத் திருத்தம் தீர்ப்பாயங்களுக்கு இடம் கொடுத்த நாளிலிருந்து நடந்துவரும் இழுபறி இது. நம் ஊர்க்காரர்கள் பெருமைப்படலாம்: தீர்ப்பாயங்களின் சுதந்திரத்துக்காக உச்ச நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப நின்றது மெட்ராஸ் பார் அசோசியேஷன். 2010, 2014, 2020, 2021 என்று அவர்கள் பெயரில் தீர்ப்புகள் வரிசையாக வந்தன. நான்கு ஆண்டுப் பதவிக்காலம் போதாது, ஐந்து ஆண்டு வேண்டும்; 50 வயது ஆனவர்தான் உறுப்பினராகலாம் என்ற நிபந்தனை திறமையான இளம் வழக்கறிஞர்களை விரட்டிவிடும் என்று 2021 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே அரசு, ரத்தான அதே பிரிவுகளைத் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டம் என்ற பெயரில் நாடாளுமன்றத்தில் மறுபடி நிறைவேற்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில், காலியிடங்களை நிரப்பாமல் எங்கள் பொறுமையைச் சோதிக்கிறீர்கள் என்று தலைமை நீதிபதி ரமணா திறந்த நீதிமன்றத்திலேயே கடிந்துகொண்டார். பிறகுதான் சில நியமனங்கள் வந்தன.

கடைசியாக 2025 நவம்பர் 19 அன்று, தலைமை நீதிபதி கவாய், நீதிபதி வினோத் சந்திரன் அமர்வு அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. தேசியத் தீர்ப்பாய ஆணையம் ஒன்றை நான்கு மாதத்துக்குள் அமைக்கும்படியும் உத்தரவிட்டது. மத்திய அரசின் தீர்ப்பாயங்களைப் பற்றிய தீர்ப்பு இது. மாநில அரசு அமைக்கும் வக்ஃப் தீர்ப்பாயத்தை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்காடுபவரே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற அதன் காரணம் இங்கேயும் பொருந்தும்.

தகுதியில்லாத உறுப்பினர்களால் என்ன ஆகும் என்று அறிய அஸ்ஸாமைப் பார்த்தால் போதும். அங்கே ஒருவர் இந்தியரா இல்லையா என்று முடிவு செய்வது வெளிநாட்டினர் தீர்ப்பாயம். 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேருக்கு மேல் விடுபட்டுப் போனார்கள். அதே ஆண்டு, உறுப்பினர் ஆவதற்கு 35 வயதும் ஏழு ஆண்டு வழக்கறிஞர் அனுபவமும் போதும் என்று தகுதி தளர்த்தப்பட்டது. பதவிக்காலமோ குறுகிய ஒப்பந்தம். நீட்டிப்பு அரசின் கையில். 2024 ஜூலையில் அங்கிருந்து வந்த ஒரு வழக்கில், ஆவணங்களில் பெயரின் எழுத்தும் தேதியும் கொஞ்சம் மாறியதற்காக ஒருவரை வெளிநாட்டினர் என்று முத்திரை குத்த முடியாது என்றும், அடிப்படை ஆதாரமே இல்லாமல் யாரையோ பிடித்து நிரூபி என்று கேட்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பாயம் அந்த மனிதரை வெளிநாட்டினர் என்று அறிவித்தது 2012இல். அவர் இந்தியர்தான் என்று தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சரி, தீர்ப்பாயம் தவறு செய்தால் மேலே போகலாமே? போகலாம். வக்ஃப் திருத்தச் சட்டம் தீர்ப்பாயத்தின் முடிவே இறுதி என்ற பழைய நிலையை எடுத்துவிட்டு, 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழி கொடுத்திருக்கிறது. இதை நல்ல மாற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த உயர் நீதிமன்றங்களில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் வரிசையில் நிற்கின்றன. அனுமதிக்கப்பட்ட நீதிபதிப் பணியிடங்கள் நாடு முழுவதும் 1,122. அவை ஒருபோதும் முழுதாக நிரம்பியதில்லை.

இங்குதான் தற்காலிக நீதிபதிகள் பற்றிய பேச்சு வருகிறது. அரசியல் சாசனத்தின் 224ஏ பிரிவு, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியை அவர் சம்மதத்தோடும் குடியரசுத் தலைவரின் முன் இசைவோடும் மறுபடி அமர்த்தலாம் என்கிறது. (இரண்டு ஆண்டுக்கு நியமிக்கப்படும் ‘கூடுதல் நீதிபதி’ வேறு; பத்திரிகைகளே இரண்டையும் குழப்புகின்றன.) 1963இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. ஆனாலும் 2021 வரை பயன்பட்டதற்கு உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியவை மூன்றே நியமனங்கள்: 1972இல் மத்தியப் பிரதேசத்தில் ஒன்று, 1982இல் சென்னையில் நீதிபதி வேணுகோபால், 2007இல் அலகாபாத்தில் நீதிபதி ஓ.பி. ஸ்ரீவஸ்தவா. கடைசியாகச் சொன்னவர் அமர்த்தப்பட்டது பாபரி மஸ்ஜித் நில வழக்கை விசாரிக்க என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

2021 ஏப்ரலில் லோக் பிரஹரி வழக்கில் இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுக்க உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. நான்கு ஆண்டுகள் ஆகியும் பலன் தெரியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நிபந்தனைகளைத் தளர்த்தியது: இருபது சதவீதக் காலியிடம் இருந்தால்தான் என்ற கட்டுப்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது, ஒவ்வோர் உயர் நீதிமன்றமும் 2 முதல் 5 பேர் வரை, மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் அமர்த்தலாம், பணியில் உள்ள நீதிபதி தலைமையிலான அமர்வில் உட்கார்ந்து குற்றவியல் மேல்முறையீடுகளை அவர்கள் விசாரிக்க வேண்டும். அலகாபாத்தில் மட்டும் அப்போது சுமார் 63,000 குற்றவியல் மேல்முறையீடுகள் தேங்கியிருந்தன.

குற்றவியல் மேல்முறையீடு தேங்குவதற்கு மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 2006இல் கைதானவர்களில் 12 பேரைச் சிறப்பு நீதிமன்றம் 2015இல் குற்றவாளிகள் என்றது. ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். மேல்முறையீடு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதை நாள்தோறும் கேட்க ஒரு சிறப்பு அமர்வு கிடைத்தது 2024 ஜூலையில். அமர்வு கிடைத்த ஓராண்டில், 2025 ஜூலை 21 அன்று, தீர்ப்பு வந்துவிட்டது: 12 பேரும் விடுதலை. அவர்களில் ஒருவர் அதற்கு முன்பே சிறையில் இறந்துபோயிருந்தார். அரசின் மேல்முறையீட்டில், இந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடுதலையானவர்களை மறுபடி சிறைக்கு அனுப்பவில்லை. இறுதி முடிவு எதுவாகவும் இருக்கட்டும். விசாரிக்க ஓராண்டு போதுமாக இருந்த வழக்கு, விசாரிக்க ஆள் கிடைக்க ஒன்பது ஆண்டு காத்திருந்தது. குண்டுவெடிப்பில் 180க்கும் அதிகமானோரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கும் அந்த ஒன்பது ஆண்டு வீண்தான்.

அதனால் தற்காலிக நீதிபதிகளை நான் வரவேற்கிறேன், ஓர் எச்சரிக்கையோடு. நிரந்தரப் பணியிடங்களுக்குக் கொலீஜியம் அனுப்பும் பெயர்களை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, ஓய்வு பெற்றவர்களை வைத்து ஒப்பேற்றலாம் என்று அரசு நினைத்தால் அது ஏமாற்று. புதியவர்கள், குறிப்பாக இதுவரை இடம் கிடைக்காத சமூகங்களிலிருந்து வருபவர்கள், வாசலிலேயே நிற்க வேண்டிவரும்.

தமிழ்நாட்டு ஜமாஅத்துகள் இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. வக்ஃப் தீர்ப்பாயத்துக்கு யாரை நியமிப்பது என்று அறிவிக்கை போடுவது மாநில அரசு, டெல்லி அல்ல. மூன்று பதவிகளில் எது காலி, எப்போது முடிகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவில் கேட்டுவிடலாம். மூன்றாவது நாற்காலிக்கு ஃபிக்ஹும் நில ஆவணமும் ஒருசேரத் தெரிந்தவர் யார் என்று தேடத் தொடங்கினால், நம் மதரஸாக்களில் ஆலிம் பட்டம் பெற்றுவிட்டுச் சட்டமும் படித்த இளைஞர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் அப்போதே தெரிந்துவிடும்.