பெயர் மறைவு வேண்டும். முகவரி மறைவு கூடாது

கொல்லங்கோட்டில் கள்ளுக்கடைக்கு வழி கேட்டு எவரும் திகைத்து நின்றதில்லை. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் செல்வதே இந்தச் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான். அதே ஊரில் குடியை நிறுத்த விரும்பும் ஒருவர், தம்மைப் போன்றோர் கூடிப் பேசும் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டால், சுகாதார நிலையமும் ஊராட்சி அலுவலகமும் கலால் அலுவலகமும் உடனே விடை சொல்லக் கடமைப்பட்டவை. அந்த விடை ஒரு பலகையில், தமிழிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இது இரந்து கேட்கும் கருணை அன்று; பொதுச் சுகாதாரக் கடமை.

இக்கூட்டங்களின் முறை எளியது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் சந்தித்தனர், இருவருமே குடிநோயாளர். ஒருவரிடம் ஒருவர் மனம் திறந்து பேசியதே இருவருக்கும் மருந்தாயிற்று. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அவ்வாறே பிறந்தது. அதில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை, வெளியார் நன்கொடையை அவ்வமைப்பு ஏற்பதும் இல்லை. இதை வெறும் ஆறுதல் என்று ஒதுக்குவோர் 2020இல் வெளியான காக்ரேன் மீளாய்வைப் படிக்கட்டும். 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களின் தரவுகளை ஆராய்ந்த அது, குடியை முற்றிலும் விட்டிருக்கச் செய்வதில் இவ்வழி பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சிலவற்றினும் மேம்பட்டது என்று கண்டது.

மருத்துவமனையின் பணி வேறு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உயிரையே பறிக்கக்கூடும்; அந்நாட்களை மருத்துவர் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். ஆனால் அது சில நாட்களில் முடிந்துவிடும். வீடு திரும்பியவர் முதல் கூலி வாங்கும் மாலையில் அவருக்குத் துணை யார்? கேரள அரசின் ‘விமுக்தி’ இயக்கத்தில் பாலக்காடு மாவட்டத்துக்கான மீட்பு மையம் அட்டப்பாடியின் கோட்டத்தறைப் பழங்குடியினர் மருத்துவமனையில் அமைக்கப்பட்டது. அட்டப்பாடிக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் கொல்லங்கோட்டுக் கூலித் தொழிலாளி பாலக்காடும் மண்ணார்க்காடும் கடந்து மலையேறிச் சிகிச்சைக்கு ஒருமுறை செல்லலாம். வாராவாரம் கூடிப் பேசுவதற்குச் செல்ல இயலாது.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு: இது பெயர் மறைவுக் கூட்டம்; விளம்பரப்படுத்தலாகாது. இது பிழையான புரிதல். மறைக்கப்படுவது வருபவரின் பெயர். கூட்டம் நடக்கும் இடமன்று. கதவு எங்குள்ளது என்பதே தெரியாவிட்டால், உள்ளே காக்கப்படும் இரகசியம் யாருக்குப் பயன்படும்? சிற்றூரில் நுழைபவரை எல்லோரும் பார்த்துவிடுவர் என்பது உண்மையான அச்சம். அதற்கு மருந்து கூட்டத்தை ஒளிப்பதன்று. பலரும் பல காரணங்களுக்காக வந்துபோகும் வாசகசாலை போன்ற இடத்தில் நடத்துவது.

இரண்டாம் மறுப்பு: எல்லைத் தமிழருக்கு மலையாளம் புரியுமே. புரியும். சந்தையில் பேரம் பேசவும் பேருந்தில் வழி கேட்கவும் அது போதும். ஆனால் இக்கூட்டத்தில் மருந்தே பேச்சுதான். மகளின் கல்விக்குச் சேர்த்த பணத்தைக் குடித்தழித்ததைச் சொல்ல வேண்டிய மனிதர், அதை இரண்டாம் மொழியில் தேடித் தேடிச் சொல்வாரா? சொற்கள் தடுமாறும் இடத்தில் அவர் அமைதியாகிவிடுவார், மறுவாரம் வரமாட்டார். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதிகளின் தமிழர் அரசு அலுவலகங்களுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. மனு எழுதத் தமிழ் உண்டு. மனம் திறக்கத் தமிழ் வேண்டாமா?

மூன்றாம் மறுப்பு: தேவைப்படுவோர் தாமே தொடங்கிக்கொள்ளட்டும். கூட்டத்தை நடத்துவது குடிநோயிலிருந்து மீண்டவர்களே. அரசு அதை நடத்தவும் கூடாது. ஆனால் அறை தரலாம். குடிநோய்க்குக் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, பின்னர் காவிரிப் படுகையின் மஞ்சக்குடிக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தியது. நோயாளர் நகரத்தைத் தேடி வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை. ஊரும் அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தது. மஞ்சக்குடியில் இயன்றது கொல்லங்கோட்டிலும் முதலமடையிலும் இயலாதா?

விழிப்புணர்வுப் பேரணிகளுக்கும் உறுதிமொழிகளுக்கும் குறைவில்லை. குடி தீது என்பதைக் குடிப்பவரைவிட நன்கறிந்தவர் யார்? அவருக்குத் தெரியாதது அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதுதான். வாரத்தில் ஒரு மாலை, விளக்கெரியும் ஓர் அறை, கிழமையும் நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு பலகை, வீடு திரும்பும் நோயாளரின் சீட்டில் அந்த முகவரியை எழுதித் தரும் ஒரு மருத்துவர். கேட்பது இவ்வளவே. கள்ளுக்கடைக்குப் பலகை வைக்க இடமுள்ள ஊரில் இதற்கும் இடமுண்டு.