மதுரை ஹாக்கி மைதானம் பூட்டிக் கிடக்கலாகாது

2025 இளையோர் உலகக் கோப்பைக்காக மதுரை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் அமைந்த செயற்கை இழை மைதானம், டி. கல்லுப்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

ஏழாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டு வந்த ஹாக்கி இந்தியா லீக்கில், எட்டு ஆண்கள் அணிகளுள் ஒன்றான தமிழ்நாடு டிராகன்ஸ் 2025 ஜனவரியில் அரையிறுதியை எட்டியது. பெனால்டி ஷூட் அவுட்டில் பெங்கால் டைகர்ஸிடம் வீழ்ந்தது. கோப்பையும் அந்த அணிக்கே போனது. அடுத்த ஏலத்தில் யாரை எடுப்பது என்று ரசிகர்கள் வாதிடுவது நியாயம்தான். ஆனால் ஏலத்தில் கிடைப்பவர்கள் வேறு எங்கோ உருவானவர்கள். லீக் சில வாரங்களில் முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில்தான் ஓர் அணி வேரூன்றுகிறது. கோவில்பட்டியைப் பாருங்கள்: அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். மண் தரையில் தாறுமாறாகத் துள்ளும் பந்தோடு பழகிய சிறுவனுக்குச் செயற்கை இழையின் வேகம் ஒரு நாள் தேர்வு முகாமில் பிடிபடாது. டி. கல்லுப்பட்டிப் பிள்ளைகள் திருமங்கலம் வழியாக மதுரைக்கு வந்து திரும்பும் பேருந்துச் செலவையும் மட்டைகளையும் அரசு ஏற்கட்டும். டிராகன்ஸ் நிர்வாகம் பயிற்றுநர்களை அனுப்பட்டும். இதற்கான கால அட்டவணையை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இந்தக் கல்வியாண்டுக்குள் வெளியிட வேண்டும்.