அந்த விக்கைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று நினைத்தாலும் பரவாயில்லை, பாதியில் எழுந்து போகாமல் படியுங்கள்.

போன வாரம் ஒரு வீடியோ வந்தது. பழைய மாணவர்கள் குரூப்பில் காலையில், எங்கள் குடும்ப குரூப்பில் மதியம். சுடிதார் போட்ட ஒருவர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். இரண்டு பையன்கள் பின்னால் போய் அவர் தலையிலிருந்த விக்கைப் பிடுங்குகிறார்கள். உள்ளே கிராப்புத் தலை. அவர் கையை நீட்டி நீட்டிக் கேட்கிறார், இவர்கள் பந்து மாதிரி தூக்கிப் போட்டு விளையாடுகிறார்கள். அவ்வளவுதான் வீடியோ. கீழே நம்மவர்கள் போட்ட சிரிப்புப் பொம்மைகளை உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தொன்று. என்னிடம் அறிவியல் படித்த பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். "கலாச்சாரம் எங்க போவுது பாருங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கலாச்சாரத்திலிருந்தே ஆரம்பிப்போம். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் உடன்குடிப் பக்கத்திலிருந்து திருவொற்றியூருக்குக் கடை வைக்க வந்தவர்கள். தசரா வந்தால் குலசேகரன்பட்டினத்துக்கு வண்டி பிடித்துப் போகிறவர்கள். முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, வேண்டுதலுக்கு வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, அதைக் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். அந்த வேஷங்களில் காளி உண்டு, குரங்கு உண்டு, போலீஸ் உண்டு, பெண் வேஷமும் உண்டு. மீசையை எடுத்துவிட்டு, சேலை கட்டி, நீள விக் வைத்து, பூ சுற்றி, வளையல் போட்டு வந்து நிற்கிற ஆண்களை நாம் வாசலில் நிறுத்திக் காசு போட்டுக் கும்பிடுகிறோம். போன தசராவுக்கு இதே குரூப்பில் அந்த மாதிரி போட்டோ வந்தபோது எல்லோரும் கைகூப்புகிற பொம்மை போட்டீர்கள். அதே நைலான் முடி, அதே சேலை. ராயபுரம் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்கும்போது தலைவிரிகோலமாக ஆடி வருகிறவர்களின் முடியெல்லாம் சொந்த முடியா? கேரளாவில் கொல்லம் மாவட்டம் சவறைக்குப் பக்கத்தில் கொட்டன்குளங்கரை பகவதி கோயிலில் வருஷா வருஷம் சமயவிளக்கு என்று ஒரு திருவிழா நடக்கிறது. ஆண்கள் பெண்ணாக அலங்கரித்து விளக்கெடுப்பதே அதில் நேர்த்திக்கடன். அப்பா மகனுக்கு விக் வைத்துப் பொட்டு வைக்கிறார், பெண்டாட்டி புருஷனுக்குச் சேலைக் கொசுவம் பிடிக்கிறாள்.

சரி, கோயிலை விடுங்கள். தமிழ் நாடகம் என்று ஒன்று இருந்ததே, அது யார் தலையில் நின்றது? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் சீதை, வள்ளி, தமயந்தி எல்லாம் பையன்கள்தான். அதற்கு ஸ்திரீ பார்ட் என்று மரியாதையான பெயரே இருந்தது. சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதையாக மேடையேறியவர். டி.கே. சண்முகம் அவ்வையார் வேஷம் போட்டு, அந்த வேஷமே அவருக்குப் பட்டமாகி அவ்வை சண்முகம் ஆனார். லாயிட்ஸ் ரோட்டுக்கு அவர் பெயரை வைத்தோம். பெண் வேஷம் போட்ட ஒரு ஆணின் பெயரைச் சாலைக்கு வைத்த ஊர் இது! மறுபக்கமும் உண்டு. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தது கே.பி. சுந்தராம்பாள். கமல்ஹாசன் 1996-ல் 'அவ்வை சண்முகி'யாக வந்தபோது குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனோம். அதற்கு முந்தின வருஷம் பிரசாந்த்துக்கு 'ஆணழகன்', 2016-ல் சிவகார்த்திகேயனுக்கு 'ரெமோ'. உங்கள் பிள்ளைகள் 'ரெமோ' நர்ஸைப் பார்த்துக் கெட்டுப் போனார்களா?

இதற்குப் பதிலாக என் தம்பி முறை ஒருவர் போன் செய்து சொன்னார்: "அக்கா, அது வேண்டுதல், இது பிழைப்பு. இந்த ஆளு சும்மா தன் சந்தோஷத்துக்குப் போட்டிருக்கான், அதுதான் அசிங்கம்."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். உண்மையான வழக்கை அவர்தான் வெளியே எடுத்து வைத்தார். பிரச்சினை விக் இல்லை, சேலை இல்லை, கலாச்சாரமும் இல்லை. சாமிக்கு என்றால் சரி, சம்பளத்துக்கு என்றால் சரி, பிறரைச் சிரிக்க வைக்க என்றால் ரொம்பச் சரி. தனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒருவன் வைத்துக்கொண்டால் மட்டும் பிடுங்கித் தெருவில் எறியலாம். இது என்ன நியாயம்?

தலைமுடியில் பொய் சொல்லாதவர் யார் இங்கே? என் கல்யாணத்தில் என் சடை முழங்கால் வரை தொங்கியது. பாதிக்கு மேல் சவுரி. மூன்று பிரி சவுரியைக் குஞ்சலத்தோடு சேர்த்துப் பின்னி, மேலே பூவைத் தைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் அதைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. நம் காலத்து அம்மாக்கள் சீப்பில் வந்த முடியைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் செருகி வைத்து, சேர்ந்ததும் சவுரி கட்டக் கொடுப்பார்கள். ரஜினிகாந்த் நிஜத்தில் வழுக்கைத் தலையோடு மேடையேறுகிறார், படத்தில் விக்கோடு வருகிறார், நாம் விசில் அடிக்கிறோம். மாப்பிள்ளை பார்க்கும் போட்டோவுக்கு மட்டும் நடுமண்டையில் 'பேட்ச்' ஒட்டிக்கொண்ட இரண்டு பேர் இந்தக் குரூப்பிலேயே உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

இன்னொன்று. உலகத்துக்கே விக்குக்கான முடி நம் பக்கத்திலிருந்துதான் போகிறது. திருமலையில் மொட்டை போட்ட முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. சிக்கெடுத்து, அலசி, நீளம் வாரியாகப் பிரித்துச் சென்னையிலிருந்தும் வெளிநாட்டுக்கு ஏற்றுகிறார்கள். 2004-ல் இந்தியக் கோயில் முடி கலந்த விக்குகளைப் பெண்கள் அணியக் கூடாது என்று யூத மதகுருமார் சிலர் சொல்லப் போய், நியூயார்க்கிலும் ஜெருசலேமிலும் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நம் பாட்டிமார் பெருமாளுக்குக் கொடுத்த முடி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. பச்சை முடியாக அளவில்லாமல் வெளியே போவதைக் கட்டுப்படுத்த 2022 ஜனவரியில் மத்திய அரசு ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும் என்றே விதி போட்டது. ஆனால் இங்கே பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் அதே முடியைத் தலையில் வைத்தால் உலகம் அழிந்துவிடுகிறது.

வீடியோ வந்த இரண்டாம் நாள் என் பழைய மாணவர் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். வீடியோவில் இருந்தவர் இவர் இல்லை. "ஆனா நானும் அந்த மாதிரிதான் டீச்சர்" என்றார். அவர் அனுமதியோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றி எழுதுகிறேன். கண்டெய்னர் யார்டில் வேலை. கல்யாணமாகி, பெண்டாட்டிக்கு விஷயம் தெரியும். மாதத்தில் ஒருநாள் இரவு சேலை கட்டி, விக் வைத்துக் கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் அவர் செய்கிற குற்றம்.

விக் வாங்கப் போன கதையைக் கேளுங்கள். ஒரு கடையில் "யாருக்கு?" என்றார்களாம். "தங்கச்சிக்கு, டான்ஸுக்கு." "அப்போ தங்கச்சியக் கூட்டிட்டு வா." இன்னொரு கடையில் எடுத்துக் கொடுத்தார்கள், தலையில் வைத்துப் பார்க்கக் கேட்டதும் கல்லாவில் இருந்தவரிலிருந்து டீ கொண்டு வந்த பையன் வரை சிரித்தார்களாம். வைத்துப் பார்க்காமல் வாங்கி வந்தால் என்ன ஆகும்? பெண்களுக்கான விக்கின் உள்கூடு பொதுவாக இருபத்திரண்டு அங்குலச் சுற்றளவுக்குத் தைத்திருப்பார்கள். ஆண் தலை பெரும்பாலும் அதற்கு மேல். பிடரியில் இருக்கும் பட்டியைக் கடைசிக் கொக்கி வரை தளர்த்தினாலும் ஏறி ஏறி வரும். திருப்பித் தரவும் முடியாது, "தலையில போட்டதை வாங்க மாட்டோம்." ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். பார்சலை அம்மா பிரித்துவிட்டால்?

வாங்கின பிறகுதான் பெரிய பாடு. விக் வைப்பதற்கு ஒரு தாங்கி வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் எங்கே வைப்பது? பாலிதீன் பையில் கட்டிப் பரண்மேல் பழைய பாத்திரத்துக்குள். நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல் உப்பு, ஒரு பக்கம் எண்ணூர்ச் சாம்பல், நடுவில் டிரெய்லர் லாரி கிளப்புகிற புழுதி. ஈரத்தோடு கட்டி வைத்த விக் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து நாற்றமடித்துப் போனதாம். அதைச் சரிசெய்ய வெந்நீரில் அலசி, ஹேர் டிரையர் காட்டியிருக்கிறார். நுனியெல்லாம் பொசுங்கி நார் மாதிரி ஆகிவிட்டது.

அறிவியல் டீச்சருக்கு இங்கே வாய் சும்மா இருக்காது. பிள்ளைகளா, சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது முடி இல்லை, பிளாஸ்டிக் இழை. சூடு பட்டால் இளகும். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கரைத்து முக்கி எடுக்க வேண்டும், தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. துண்டில் ஒற்றி, நிழலில் கவிழ்த்த சொம்பின்மேல் வைத்தாலே போதும். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வர வேண்டும், அதுவும் காய்ந்த பிறகு. நிஜ முடி விக் பல ஆயிரம் ரூபாய். அது கெரட்டின், நம் முடி போலவே. ஆனால் வேரிலிருந்து எண்ணெய் கிடைக்காததால் சீக்கிரம் வறண்டு போகும். நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் தடவலாம், வலையில் பட்டால் நம் ஊர்ப் புழுதி மொத்தமும் ஒட்டிக்கொள்ளும். வேர்வைக்கு உள்ளே ஒரு மெல்லிய தொப்பி போட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரு நல்ல கடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார். சிரிக்காமல் பேசுகிற ஒருவர் கிடைக்காததால் அந்தப் பையன் மூன்று விக்குகளைப் பாழாக்கியிருக்கிறான்.

"அவன் திருநங்கையா?" என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது, கேட்கவும் இல்லை. திருநங்கைகள் தங்களைப் பெண்ணாக உணர்ந்து வாழ்கிறவர்கள். இவர் தன்னை ஆண் என்றுதான் சொல்கிறார், சில நேரம் பெண்ணுடை பிடித்திருக்கிறது என்கிறார். நாளைக்கு வேறு மாதிரிச் சொன்னாலும் அது அவர் பாடு. பெண்டாட்டிக்குத் தெரியாமல் மறைத்திருந்தால் அவளுக்குக் கோபப்பட உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அவள் கோபம், ஃபார்வர்ட் செய்கிறவர்களுடையது இல்லை.

சட்டம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஒரு பிரிவு வைத்தான். வடநாட்டு மாகாணங்களில் அவன் பட்டியலில் சேர்த்தவர்கள் பெண்ணுடையில் தெருவில் வந்தால் இரண்டு வருஷம் வரை சிறை. நம்மவர் "நம் கலாச்சாரம்" என்று சொல்லி அனுப்புவது உண்மையில் அந்தத் துரையின் கலாச்சாரம். 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடையால் வெளிப்படுத்துவதும் கருத்துரிமையில் அடங்கும் என்று சொன்னது. 2021-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் போலீசுக்குக் கடுமையாக உத்தரவு போட்டு, அடுத்த வருஷம் இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்தார்கள். போலீஸ்காரரே கை வைக்கக் கூடாது என்கிற இடத்தில் பஸ் ஸ்டாப் பையன்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பிடுங்குவது வழிப்பறி. படம் பிடித்துப் பரப்பியவர்கள் அதற்குக் கூட்டு.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகமே கறுத்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது இந்தக் குரூப்பில் வந்த கோபத்தையும் போன வாரம் ஒரு விக்குக்கு வந்த கோபத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். விக்குக்குத்தான் ஜாஸ்தி.

வீடியோவை அழியுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். கீழே என்னோடு சண்டை போடலாம், பதில் சொல்வேன். அந்த மனிதர் யார், எந்தத் தெரு என்று யாராவது எழுதினால் உடனே நீக்குவேன், அது யாராக இருந்தாலும்.

இதைப் படிக்கிற என் பிள்ளைகளில் யாருக்காவது கடைக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், நான் கூட வருகிறேன். நரைத்த கிழவி ஒருத்தி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு "இந்தத் தம்பிக்குத்தான், அளவு பார்த்துக் குடுங்க" என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் சிரிக்கிறார் என்று பார்ப்போம். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்றைக்கு முட்டிக்கு பிசியோதெரபி. மாடிப்படி இல்லாத கடையாகப் பாருங்கள்.